தாய் கூப்பிட்ட சொல்

நீதான் விற்றாய். உன் பேர் யாருக்கும் ஞாபகமில்லை என்ற தைரியத்தில் தப்பித்துக்கொள்ளப் பார்க்காதே. நானும் கரையில் பேரம் பேசியே ஆளானவன். எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்ட காலம் அது. கடற்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுக்கும் அந்தப் பெரிய பிராணிக்கு அப்போது பெயரே கிடையாது.

ஒருநாள் மீன்பிடிக்கப் போன நீ மூடுபனியில் திசை தவறினாய். அப்படியொரு தாய் உன் வள்ளத்தை முதுகால் தள்ளிக் கரை சேர்த்தது. இனி வழி தவறினால் கூப்பிடு என்று ஒரு சொல்லையும் கொடுத்தது. ஆவுளியா.

"நாங்கள் குட்டியைக் கூப்பிடுகிற சொல் இது. காதில் விழுந்தால் என் குட்டி ஓடிவரும், பின்னால் நானும் வருவேன். வேறு யாருக்கும் சொல்லிவிடாதே."

"செத்தாலும் சொல்லமாட்டேன்" என்றாய்.

மூன்று மாதம் காப்பாற்றினாய். அப்புறம் வாடைக்காற்று. பத்து நாள் வலை வெறுமனே வந்தது. மீனுக்கு நெல் மாற்ற வண்டியோடு வந்த வியாபாரி கூத்தன், கடல் உனக்கு மட்டும் வற்றிவிட்டதா மச்சான் என்று சிரித்தான். உன் மனைவி காத்தாயி, நண்டு பிடித்தாவது இன்றைக்குச் சமாளிக்கலாம் வா என்று கையைப் பிடித்து இழுத்தாள். போயிருக்கலாம். உனக்கு ரோஷம். இடுப்பளவு நீரில் இறங்கி அந்தச் சொல்லை உரக்கக் கூப்பிட்டாய்.

குட்டி துள்ளிக்கொண்டு வந்தது. பிடித்து, இரண்டு மூட்டை நெல்லுக்குக் கொடுத்தாய்.

"அந்தச் சொல்லையும் சேர்த்துக் கொடு. இன்னொரு மூட்டை தருகிறேன்" என்றான் கூத்தன்.

அதையும் கொடுத்தாய். அந்த நெல்லைக் காத்தாயி உரலில் போடவே இல்லை.

தாய் வந்தபோது குட்டி வண்டியில் போய்விட்டிருந்தது.

"கூப்பிட்டது நீதானே? என் பிள்ளை எங்கே?"

நீ மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

கூத்தன் வண்டி போன கரையெல்லாம் அந்தச் சொல்லும் போனது. ஊருக்கு ஊர் நீரில் இறங்கி நின்று கூப்பிட்டு, வந்த குட்டிகளைப் பிடித்தார்கள். கடற்பசு என்கிறார்களே, கூப்பிட்ட சொல்லே அந்த இனத்துக்குப் பெயராகிவிட்டது. அன்றைக்கு வாய் மூடியதுதான், ஆவுளியாத் தாய் இன்றுவரை குட்டியைக் கூப்பிடுவதில்லை. துடுப்புக் கையால் அணைத்து, பக்கத்தை விட்டு நகரவிடாமல் மேய்க்கிறது. மனிதரோடு அதற்குப் பேச்சும் இல்லை.

எங்கிருந்தாலும் வா. அதே இடத்தில், அதே இடுப்பளவு நீரில் இறங்கு. கூப்பிடாதே, சும்மா நில். அது வரும். அன்றைக்கு உன்னைக் கேட்டதே, அதற்கு இன்றைக்காவது பதில் சொல்.