எட்டே காலுக்கு வரும் காற்று

ஆப்பிரிக்காவில் கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகக் கிடந்த ஒரு அமைதிப்படைக் காவல் முகாமில் நாங்கள் முப்பது பேர் இருந்தோம். காலையில் கொடியேற்றுவோம், மாலையில் இறக்குவோம், நடுவில் மணலைக் கூட்டுவோம்.

ஜெனரல் பார்வையிட வருகிறார் என்றதும் மேஜர் பொன்னுரங்கத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"காலையில எட்டு மணிக்கு அவர் சல்யூட் அடிக்கும்போது கொடி படபடன்னு பறக்கணும். தொங்கிச்சுன்னா ஒருத்தனுக்கும் லீவு கிடையாது!"

அந்த நேரத்தில் அங்கே ஒரு துரும்பும் அசையாது. எங்கள் துணி துவைக்கும் இசக்கிதான் வாயைத் திறந்தான்.

"எட்டே காலுக்கு வச்சுக்குங்க சார். பறக்கும்."

"காத்து என்ன, உன் வீட்டு வேலைக்காரனா?"

"தினமும் இங்க துணி காயப்போடுறவன் சார் நான்."

வேறு வழியில்லாமல் மேஜர், ஜெனரலுக்கு இன்னொரு டீ கொடுத்து நேரத்தைக் கடத்தினார். எட்டே காலுக்குக் கொடி உச்சியைத் தொட்டதும் கிழக்கிலிருந்து காற்று எழுந்து அதை விரித்து அடித்தது. இசக்கியைச் சாமியைப் பார்ப்பதுபோல் பார்த்தோம்.

"அற்புதம்!" என்றார் ஜெனரல்.

மேஜர் நெஞ்சை நிமிர்த்தினார். "இங்க காத்துகூட என் உத்தரவுக்குத்தான் சார் கட்டுப்படும்."

காற்று வலுத்தது. ஜெனரலின் கண்ணில் மணல் விழுந்தது, தொப்பி உருண்டு ஓடியது.

"சரி, இப்போ நிற்கச் சொல்லுங்க."

மேஜர் திருதிருவென்று விழித்தபடி இசக்கியைப் பார்த்தார். இசக்கி கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த மேஜரின் சட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னும் ஈரமா இருக்கு சார். இது காஞ்சதும் நின்னுடும்."

சட்டை காய்ந்தது, காற்றும் நின்றது. புறப்படும்போது ஜெனரல் அடித்த சல்யூட் மேஜருக்கு இல்லை.