மூன்றடி வாசல்

"அறுபது வீட்டை எங்கேம்மா வைக்கிறது?"

உட்காரும் முன்பே கேட்டுவிட்டார் சேதுநாதன். மருதந்தாங்கல் பேரூராட்சியின் நகரமைப்பு அலுவலர். இருபது வருடமாக ஊரை வரைபடத்தில் வெட்டி ஒட்டி வருபவர்.

வாலையம்மா அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அவருக்கு குரு. ஆசிரமத்து வாசலில் கோலமாவு சலித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

அவர் கொட்டித் தீர்த்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் அரசு நிலம். ஊரைப் பெருக்குகிறவர்களுக்கும் ஊருக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்கும் அங்கே வீடு என்று போன வருடமே தீர்மானம் போட்டாயிற்று. இப்போது குடியிருப்போர் சங்கம் அந்த இடத்தில் பூங்கா கேட்கிறது. ஏழைகளுக்கு வீடு வேண்டும் என்பதில் சங்கத்தில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லையாம். பக்கத்து வார்டில் கட்டினால் பால் காய்ச்சவே வந்து நிற்பார்களாம்.

இன்று நான்கு மணிக்கு மன்றக் கூட்டம். வீடுகளைப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, பழைய கல்குவாரிப் பக்கம் மாற்றிவிடலாம் என்ற கடிதம் அவர் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"அவங்க சொல்றதும் நியாயம்தாம்மா. ஒரு வீடு முந்நூத்தம்பது சதுர அடி. புறாக்கூண்டு. அதுல மனுஷன் எப்படி இருப்பான்?"

ஏழைக்குக் காற்று போதாதே என்று வசதியுள்ளவர்கள் படும் கவலை இருக்கிறதே, கேட்டால் கண்ணீரே வந்துவிடும்.

குரு எழுந்தாள்.

"வரைஞ்சு காட்டுங்க."

அவர் வரைபடத்தை விரித்தார்.

"தாள்ல இல்ல. தரையில." கோலமாவு டப்பாவை நீட்டினாள்.

பையில் அளவு நாடா இருந்தது. சேதுநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை. வாசலுக்கு மூன்றடி கோடு போடாமல் விட்டார். முடித்துவிட்டு நடுவில் நின்று, பார்த்தீர்களா என்பதுபோல் கையை விரித்தார்.

தரையில் கோடாகக் கிடக்கும்போது எந்த வீடும் சின்னதாகத்தான் தெரியும். சுவர் எழும்பினால்தான் அளவு புரியும். இது அவருக்குத் தெரியாததல்ல. அன்று சௌகரியமாக மறந்துவிட்டது.

தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த தேசம்மாவை குரு கூப்பிட்டாள். தேசம்மா விடியுமுன் கிளம்பி, இரண்டு பஸ் மாறி இந்த ஊருக்கு வேலைக்கு வருகிறவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கட்டினால் ஒரு வீடு இவ்வளவுதான் வரும், பாருங்கள் என்றாள் குரு.

தேசம்மா துடைப்பத்தை மரத்தில் சாய்த்தாள். ஒரு எட்டில் கோட்டைத் தாண்டியிருக்கலாம். அவள் சுற்றிக்கொண்டு போனாள். கோடு இல்லாத அந்த மூன்றடியின் முன்னால் செருப்பைக் கழற்றினாள். வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

அவள் முகமே மாறிவிட்டது. பீரோ இந்த மூலையில் என்றாள். மாமியாருக்குக் கட்டில் அங்கே. பொண்ணு உட்கார்ந்து படிக்க இங்கே, வெளிச்சம் வரும். அறைக்கு அறை ஓடினாள். சந்தோஷம் சேதுநாதனையும் தொற்றிக்கொண்டது. குழாய் எங்கே வரும் என்று அவள் கேட்க, இவர் விறுவிறுவென்று போய் நின்று காட்டினார்.

அவள் சட்டென்று தயங்கினாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. செருப்போட அடுப்பாண்ட நிக்கிறீங்க."

சேதுநாதன் பதறிப்போனார். பக்கத்துக் கோட்டைத் தாண்டிவிடக் காலைத் தூக்கினார். அங்கே சுவர். தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

கூடத்தில் நடந்து, வாசல் வழியாக வெளியே வந்தார். தேசம்மாவின் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றி விட்டார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பி, பென்சிலோடு மறுபடி உள்ளே வந்தார்.

"ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்மா?"