காற்றுப் பெட்டிக்கு வாசல் தெளித்தவர்

தேரிக்காட்டில் காற்றின் தூசியை நிறுக்க வந்தவர் ஜெபக்கனி. வயது முப்பத்தாறு. ஊரில் எல்லோருக்கும் அவர் காத்து டீச்சர். அவரிடம் வேலை பழகச் சேர்ந்தார் பேச்சிமுத்து, தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். மகள் வயசுக்காரியிடம் கேட்டுப் படிக்க அவருக்குக் கூச்சமே இல்லை. காரணம் வீட்டில் இருந்தது. மனைவி பொன்னுத்தாய்க்குப் படுத்தால் மூச்சு வாங்கும். இரண்டு வருஷமாக உட்கார்ந்துதான் தூங்குகிறாள்.

ஊருக்கு மேற்கே கல் அரைக்கும் ஆலை வந்தும் இரண்டு வருஷம்தான் ஆகிறது.

செம்மணலுக்கு நடுவே ஒரு மேடை, அதன்மேல் ஒரு பெட்டி. ராப்பகலாக அது காற்றை இழுக்கும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தாளில் தூசி படியும். பேச்சிமுத்து தினமும் காலையில் தாளை மாற்றி, பழையதை நிறுத்து, கணக்கிட்டு நோட்டில் எழுத வேண்டும். முப்பது நாள் சராசரி நூறைத் தாண்டினால் ஆலையை நிறுத்தலாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சொல்லியிருந்தார்.

முப்பது நாள் முடிந்தது. சராசரி எண்பத்தெட்டு.

"கொல்லாமரத்து இலையெல்லாம் ஆலைத் தூசியில வெள்ளை பூத்துக் கிடக்கு. எண்பத்தெட்டுன்னா எவன் நம்புவான்?" என்றார் பேச்சிமுத்து.

ஜெபக்கனி கணக்கை மறுபடி கூட்டிப் பார்த்தார்; பிழை இல்லை. மறுநாள் காலை தானும் பெட்டியிடம் போய் நின்றார். பேச்சிமுத்து நான்கு குடம் தண்ணீரோடு பெட்டியைச் சுற்றித் தெளித்துக்கொண்டிருந்தார். தண்ணி லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வரும் ஊர் அது. மனுஷன் குளிக்காமல் மிச்சம் பிடித்த தண்ணீர்.

"என்ன அண்ணாச்சி இது?"

"வாசல் தெளிக்கேன் டீச்சர்."

"தினமுமா?"

"பின்னே? வேலை பாக்குற எடம்லா. வாசல் தெளிக்காம எப்படி மெஷினைத் தொட?"

ஜெபக்கனி குனிந்து ஒரு பிடி ஈர மணலை எடுத்தார். கட்டியாக உள்ளங்கையில் இருந்தது. பத்தடி தள்ளிப் போய் காய்ந்த மணலை அள்ளி விரல்களை விரித்தார். அதிலிருந்த வெள்ளைப் பொடி காற்றோடு எழும்பிப் போனது.

பேச்சிமுத்து குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"எழும்புற தூசியை நானே அமுக்கிட்டேனா? பாவி நான். அவ மூச்சுக்கு நானே குறுக்க நின்னுட்டேன்."

நிமிர்ந்து நோட்டைப் பார்த்தார்.

"கூட்டி எழுதிருவோம் டீச்சர். அது பொய்யில்லையே. தூசி இருக்கது உண்மைதான?"

ஜெபக்கனி நோட்டையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தார்.

"எழுதுங்க."

"எவ்வளவு?"

"நீங்கதான் சொல்லணும்."

நூற்றி இருபது என்று எழுதப் போனார். கொல்லாமரத்தைப் பார்த்ததும் நூற்றி ஐம்பது என்று பட்டது. பொன்னுத்தாயின் ராத்திரிகளை நினைத்தால் முந்நூறும் பற்றவில்லை. ஆலையில் கூலிக்குப் போகும் தம்பி மகன் நினைவுக்கு வந்தான், நூற்றி ஒன்றே போதும் என்றிருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"எவ்வளவுன்னு தெரியலையே டீச்சர்."

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. தெரிஞ்சிருந்தா இந்தப் பெட்டியை எதுக்குத் தூக்கிட்டு வரணும்?"

முப்பது நாளுக்கும் குறுக்கே ஜெபக்கனி ஒரு கோடு போட்டார். ஓரத்தில் 'தண்ணீர் தெளிக்கப்பட்டது' என்று எழுதினார். அதை அப்படியே அதிகாரியிடம் காட்டி, இன்னொரு மாதம் கேட்டு வாங்கினார்.

நடந்ததை வீட்டில் சொன்னார் பேச்சிமுத்து.

"ஒரு மாசம்தான? உக்காந்து தூங்கிக்கிடுதேன். நீங்க வேலையைப் பாருங்க" என்றாள் பொன்னுத்தாய்.

அந்த மாதம் முழுக்கக் காலையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பெட்டியிடம் போனார் பேச்சிமுத்து. சராசரி நூற்றி இருபத்தேழு வந்தது.

விசாரணையில் ஆலைத் தரப்பு வக்கீல் நோட்டைப் புரட்டினார்.

"போன மாசம் எண்பத்தெட்டு, இந்த மாசம் நூத்தி இருபத்தேழு. உங்க வீட்டம்மாவுக்கு வேற மூச்சிரைப்பு. எவ்வளவு கூட்டி எழுதினீங்க பெரியவரே?"

பேச்சிமுத்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலை தூக்கவில்லை.

"கூட்டணும்னுதான்யா பேனாவை வாங்குனேன். உச்சி வரைக்கும் உக்காந்து பாத்தேன். எவ்வளவுன்னு தெரியல. குடுத்துட்டேன்."

அதிகாரி நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். கோடு போட்ட பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆலையை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை பேச்சிமுத்து பெட்டியைக் கழற்ற ஸ்பானரோடு வந்தார். அங்கே ஜெபக்கனி புதுத் தாள் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அதான் ஆலை நின்னுட்டே டீச்சர். இனி பெட்டி எதுக்கு?"

"நின்னதுக்கு அப்புறம் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

பேச்சிமுத்து ஸ்பானரை மடியில் செருகிக்கொண்டு, பழைய தாளை வாங்கக் கை நீட்டினார்.