வெள்ளையடித்த தூண்

ஓடைக்கரையில் இருக்கும் தன் மச்சான் நிலத்தில்தான் புது உயர்நிலைப்பள்ளி வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார் ஊராட்சித் தலைவர் வையாபுரி. இடம் பார்க்க மறுநாள் சப்-கலெக்டர் அம்மா வருகிறார். அந்த நிலத்துக் கல்மண்டபத் தூண்களில் போன ஐப்பசி வெள்ளம் விட்டுப்போன செம்மண் கறைதான் இடைஞ்சல்.

தலையாரி சடையாண்டியைக் கூப்பிட்டார். "ஒரு பொட்டுக் கறை தெரியக் கூடாது, வெள்ளையடிச்சிரு. வாயைத் திறந்தா வேலை போயிரும்."

"சரிங்கய்யா" என்றார் சடையாண்டி.

மறுநாள் சப்-கலெக்டர் அண்ணாந்து பார்த்தார். எல்லாத் தூணிலும் அவர் தலைக்கு மேல் ஒரு முழம் வரை பளீரென்று சுண்ணாம்பு. அதற்கு மேல் வெறுங்கல்.

"ஏன் பாதியில விட்டுட்டீங்க?"

"கறையை மறைக்கத்தான் தலைவர் சொன்னாருங்கம்மா. வெள்ளம் அதுக்கு மேல ஏறலைங்க."

சப்-கலெக்டர் கையை உயர்த்திச் சுண்ணாம்பு முடியும் இடத்தைத் தொட்டார்.

"இவ்வளவு உயரமா வந்துச்சு?"

"ஆமாங்கம்மா. பக்கத்தூர்ப் பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மக இந்தத் தூணைத்தான் கட்டிப்பிடிச்சு நின்னா. தண்ணி அவளை விடலை."

பள்ளிக்கூடம் மேட்டுத்தெருவுக்கு வந்தது, சடையாண்டி வீட்டுக்கு நேர் எதிரே. சாயங்காலம் மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வரும்போது அவர் மனைவி எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.