உச்சிக் கிளையை இழந்த குக்குறுவான்கள்

ஓடைக்கரைக் காட்டில் இரண்டு குக்குறுவான் பறவைகள் வாழ்ந்து வந்தன. அண்ணன் பெயர் கூவலன்; தங்கை பெயர் பசுந்தளிர். அவர்களுடைய இறகுகளும் இலைகளும் ஒரே பச்சை. ஆதலால் மரத்தில் அமர்ந்தால் எவர் கண்ணுக்கும் புலப்படமாட்டார்கள்.

இருவரும் இணைந்தே பாடுவர். அண்ணன் ஓர் அடியைப் பாடி மூச்சு வாங்குவான். அந்த இடைவெளியில் தங்கை மறு அடியைத் தொடுப்பாள். கேட்போர்க்கு அஃது ஓய்வே இல்லாத ஒரே பாட்டாக ஒலித்தது. முதலில் அணில்கள் மட்டுமே கேட்க வந்தன. பின்னர் மான்கள் வந்தன. சில ஆண்டுகளில் அக்கரைக் கொக்குகளும் வந்து குவிந்தன!

வேனில் விழாவில் சிறப்பாகப் பாடுவோர்க்கே அத்திமரத்தின் உச்சிக் கிளைப் பழங்கள் ஓராண்டுக்கு உரியவை. ஆண்டுதோறும் அவற்றை அண்ணனும் தங்கையுமே உண்டனர்.

ஒருநாள் மைனா, “பாட்டில் உயிர் உருக்கும் அந்த உயர்ந்த சுரம் அண்ணனுடையதே!” என்றது.

“உன் காதில் புற்றா கட்டியிருக்கிறது? அது தங்கையின் குரல்!” என்று சீறியது அணில்.

வழக்கு முற்றியது. குக்குறுவான்களிடமே கேட்க எல்லாரும் அத்திமரத்தடிக்கு ஓடினர்.

“அந்த உயர்ந்த சுரம் என்னுடையதுதான்!” என்றான் கூவலன்.

“என்ன அண்ணா இது? அதைப் பாடுவது நானல்லவா?” என்றாள் பசுந்தளிர்.

“நீயா? அப்படியானால் அவ்வேளையில் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?”

“அதைத்தான் நானும் கேட்கிறேன்!”

இருவரும் திகைத்தனர். கூட்டமும் திகைத்தது. விழாவை நடத்தும் குரங்கார் தலையைச் சொறிந்தவாறே, “எனக்கும் குழப்பமாகவே உள்ளது. இவ்வாண்டு தனித்தனியே பாடுங்கள். வென்றவருக்கே கிளை!” என்று தீர்ப்பளித்தார்.

விழா நாள் வந்தது. கூவலன் கம்பீரமாக ஓர் அடியைப் பாடினான். வழக்கம்போல் நிறுத்தினான். மறு அடி வரவில்லை. அவன் காத்திருந்தான், கூட்டமும் காத்திருந்தது.

“முடிந்துவிட்டதா?” என்று கேட்டது கொக்கு.

“இல்லை... பாதி பாடியாயிற்று... மீதி...” என்று தடுமாறினான் கூவலன்.

அடுத்துப் பசுந்தளிர் வந்தாள். அலகைத் திறந்தாள். எடுத்துக் கொடுக்க எவரும் இல்லை. எங்கிருந்து தொடுப்பது என்று அறியாமல், திறந்த அலகை மூடிக்கொண்டாள்.

“இதற்காகவா ஓடையைக் கடந்து வந்தோம்?” என்று கொக்குகள் முணுமுணுத்தன.

அப்பொழுது மரங்கொத்தி தன்பாட்டுக்குப் பட்டமரத்தை ‘டொக்! டொக்!’ என்று கொத்தியது. “அப்பாடா, ஒன்றாவது முழுதாகக் கேட்கிறது!” என்று குரங்கார் உச்சிக் கிளையை அதற்கே வழங்கிவிட்டார். பாட வந்ததாக மரங்கொத்திக்கே தெரியாது!

பழம் போயிற்று, கூட்டமும் கலைந்தது. அண்ணனும் தங்கையும் மட்டும் எஞ்சினர்.

“அண்ணா, அந்தச் சுரம் யாருடையது?”

“இன்னும் எனக்கு விளங்கவில்லை, பசுந்தளிர்.”

“எனக்கும் விளங்கவில்லை. விளங்காமலேயே பாடுவோமா?”

“பாடுவோம்! ஆனால் வயிறு காய்கிறது. முதலில் வேறொரு மரம் தேடுவோம், வா!”

கூடிப் பெற்ற புகழைக் கூறுபோட முனைவோர், தம் பங்கு எதுவென்று அறியுமுன்னரே முழுவதையும் இழப்பர்.