நாற்பத்தொன்றாம் டோக்கன்

"தினமும் விடிஞ்சா ஒரு பொய் சொல்றனுங்க, சாமி," என்றார் நாச்சிமுத்து.

சாமி தலை நிமிரவில்லை. யாரோ விட்டுப்போன ரப்பர் செருப்பின் அறுந்த வாருக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட?"

"எம் பொண்ணுகிட்டத்தான். ஆறரைக்கு பெங்களூர்ல இருந்து போன் பண்ணுவா. நடந்தீங்களாப்பான்னு கேப்பா. நடந்தேன்னு சொல்லுவேன். கட்டில்ல படுத்துக்கிட்டே."

"புள்ள நம்புதுங்களா?"

"நம்புதுங்க. அதான் தாங்க முடியல."

செம்பரக்குன்றின் அடிவாரத்தில், அறுநூற்றுப் பன்னிரண்டு படிகளில் முதல் படிக்குப் பக்கத்தில், தகரக் கூரை போட்ட செருப்புக் கடை அது. கடை என்றால் விற்கிற கடை இல்லை. மலை ஏறுகிறவர்கள் செருப்பை விட்டு டோக்கன் வாங்கிப் போகிற இடம். அதைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருக்காது. பதின்மூன்று வருஷத்துக்கு முன் சாமி கும்பிட வந்தார், இறங்கி வந்தபோது செருப்பைக் காணோம், தேடித் தேடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. பொய்யாகவும் இருக்கலாம். பெயர் தெரியாததால் செருப்புச்சாமி என்றார்கள். பிறகு வெறும் சாமி.

ஒரு தடவை ஒரு வக்கீல் காரில் வந்து இறங்கினார். மனசுக்கு நிம்மதியே இல்லை, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.

"ரெண்டு காலுக்கும் வேற வேற செருப்புப் போட்டிருக்கீங்க," என்றார் சாமி. "வீட்டுக்குப் போயி மாத்திட்டு வாங்க."

வக்கீல் குனிந்து பார்த்தார். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. போனவர் திரும்பி வரவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார் என்று கேள்வி.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நாச்சிமுத்து வந்திருந்தார்.

அவர் முப்பத்து மூன்று வருஷம் அரசு மேல்நிலைப்பள்ளியில் பி.டி. வாத்தியார். ஊரில் பாதிப் பேரை மைதானத்தில் ஓட விட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப் பையில் விசில் இருக்கும். அவருடைய பாடம் ஒன்றே ஒன்றுதான். ஓடறவன் திரும்பிப் பாக்கக்கூடாது. பார்த்தவனை இன்னும் இரண்டு சுற்று ஓட விடுவார்.

"சர்க்கரைங்க எனக்கு," என்றார். "பதினோரு வருஷம் தினமும் இந்த மலை ஏறினேன். நானும் எம் பொண்டாட்டி துளசிமணியும். நான் ஒரு நாள் தவறினதில்ல. சர்க்கரை நான் சொன்னபடி கேட்டுச்சு. டாக்டரே எங்கிட்டக் கைகுடுப்பாரு."

"தெரியுமுங்க."

"போன வருஷம் மாசியில அவ போயிட்டா. காய்ச்சல்னு படுத்தவ, நாலே நாள்."

சாமி செருப்பைக் கீழே வைத்தார்.

"வீட்டுல சாவு விழுந்தா ஒரு வருஷம் மலை ஏறக்கூடாதுங்கறாங்களே. ஏறல. ரோட்டுல நடந்திருக்கலாம். நடக்கல. தெவசம் முடிஞ்சதும் பங்குனி உத்திரத்தன்னிக்கு வந்தேன். ஒரு வருஷம் விட்டதை ஒரே நாள்ல புடிச்சர்லாம்னு ரெண்டு தடவை ஏறி எறங்கினேன். உச்சி வெயில்ல. வெறுங்கால்ல."

"நாஞ் சொன்னனுங்க."

"சொன்னீங்க. சாக்ஸாவது போடுங்கன்னீங்க. சாக்ஸ் போட்டுக்கிட்டுச் சாமி மலை ஏறுவாங்களான்னு கேட்டேன்."

கல் கொதித்த அந்த நாளில் அவருக்குச் சுடவே இல்லை. அது முருகனின் அருள் என்று கீழே இறங்கி நாலு பேரிடம் சொன்னார். அருள் இல்லை. உணர்ச்சி செத்துப்போன பாதம். மூன்றாம் நாள் காலையில் பாதத்துக் கொப்புளம் உடைந்து கட்டில் விரிப்பு நனைந்திருந்தது. பன்னிரண்டாம் நாள் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

அவர் பெரிய ரப்பர் செருப்பிலிருந்து இடது காலை உருவிக் காட்டினார். சாமி பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"ஆறிப்போச்சு. தினமும் கொஞ்சம் நடங்கன்னுட்டாங்க. வாயைக் கட்டுங்கன்னுட்டாங்க. இல்லாட்டி அடுத்தது கணுக்காலுக்கு மேலதானாம். எல்லாந் தெரியுது சாமி. ஊருக்கே சொல்லிக் குடுத்தவன் நான். வெடிஞ்சா எந்திரிக்க முடியல. யாருக்காக எந்திரிக்கறதுன்னு தோணுது. பேசாம மறுபடி படுத்துக்கறேன். எப்படித் தொடங்கறது, சொல்லுங்க."

சாமி கை நீட்டினார்.

"செருப்பைக் குடுங்க."

கொடுத்தார். அதை அலமாரியில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய ஒரு தகர டோக்கனை எடுத்துக் கொடுத்தார். நாற்பத்தொன்று.

"அந்த ஸ்டூல்ல உக்காருங்க."

உட்கார்ந்தார். ஸ்டூலின் மேல் ஒரு பழைய துணி மெத்தை இருந்தது. ஒரு மணி நேரம் போனது. செருப்புகள் வந்தன, போயின. பிறகு சாமி டோக்கனை வாங்கிக்கொண்டு செருப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு வாங்க. ஆறு மணிக்கு."

மறுநாள் மொபெட்டில் வந்தார். செருப்பு, நாற்பத்தொன்று, ஸ்டூல்.

ஆறரைக்கு போன் அடித்தது.

"நடந்தேன் கண்ணு," என்றார் நாச்சிமுத்து, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு. "பாதி மலை ஏறிட்டேன். மூச்சு வாங்குது, அப்பறம் பேசறேன்."

சாமி கேட்டுக்கொண்டே ஒரு குழந்தைச் செருப்பின் ஜோடியைத் தேடிச் சேர்த்து வைத்தார்.

மூன்றாம் நாளும் அதே. நான்காம் நாள் மழை. தகரத்தின் கீழ் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் நாள் பழைய மாணவன் ஒருவன், இப்போது தொந்தி வைத்த பேங்க் மேனேஜர், டோக்கன் வாங்க வந்து, "சார், ஏறலீங்களா?" என்றான். இப்பத்தான் எறங்கினேன் என்று சொல்லிவிட்டார். அன்றைக்குப் பொய் இரண்டாகிவிட்டது.

எட்டாம் நாள் பொறுமை போய்விட்டது.

"ஏறறதுக்கு வழி கேட்டு வந்தேன். எட்டு நாளாச் செருப்புக்குக் காவல் உக்கார வெச்சிருக்கீங்க."

"அந்த எடம் காலியாக் கெடந்துச்சுங்க," என்றார் சாமி. "ஒன்றரை வருஷமா."

"யாரு எடம்?"

"அம்மாவோடது."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மா."

நாச்சிமுத்து சிரித்தார். பாவம், சாமிக்கு ஆள் மாறிப்போய்விட்டது என்று நினைத்தார்.

"அவ எங்கூட மலை ஏறினவங்க. பதினோரு வருஷம்."

"நீங்க முன்னால போனீங்க."

"ஆமாங்க, எங்கால் வேகம். அவ பின்னால வருவா. நான் மேல போயி, பிரகாரம் சுத்தி, அம்பது தண்டால் எடுத்து வர்றதுக்குள்ள அவ கும்பிட்டுட்டு எறங்கிருவா. நான் வரும்போது இங்கதான் நிப்பா."

"ஒரு நாளாச்சும் மேல பாத்திருக்கீங்களா, அவங்கள?"

கோயில் வாசலில் அவளைப் பார்த்த ஒரு காலைப்பொழுதை நாச்சிமுத்து நினைவில் தேடினார். விபூதி வாங்கும் கூட்டத்தில், கொடிமரத்தடியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம். பதினோரு வருஷத்தில் ஒன்றே ஒன்று போதும். அகப்படவில்லை.

"முட்டி தேஞ்சுபோச்சுங்க அவங்களுக்கு," என்றார் சாமி. "மொத வருஷத்துலயே. இடும்பன் கோயிலுக்கு மேல அவங்க போனதே இல்ல. அதுவும் நல்லா இருக்கற நாள்ல. மத்த நாளெல்லாம் அஞ்சு படி, பத்துப் படி. எறங்கி வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்துக்குவாங்க. இங்க இருந்து பாத்தா அந்தத் திருப்பம் வரைக்கும் உங்க முதுகு தெரியும்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"சொன்னா நீங்க நின்னுருவீங்களாம். பொண்டாட்டிக்கு முடியாதுன்னு தெரிஞ்சா அவரும் வீட்டுலயே உக்காந்துக்குவாரு, சர்க்கரை ஏறிக்கும்னாங்க. என்னைய இழுத்துட்டு வர்றதா நெனச்சுத்தான் அவரு வர்றாரு, அப்படியே நெனச்சுக்கட்டும்னாங்க."

நாச்சிமுத்துவுக்கு ஒரு நாள் நினைவுக்கு வந்தது. துளசிமணி குளியலறையில் வழுக்கி விழுந்து ஆறு வாரம் படுத்திருந்து, எழுந்து வந்த முதல் நாள். அன்றைக்கு டீக்கடையில் அவர்தான் மார்தட்டினார். ஆறு வாரம் படுக்கையில கெடந்தவ, முதல் நாளே அறுநூத்திப் பன்னெண்டு படி, பி.டி. வாத்தியார் பொண்டாட்டின்னா சும்மாவா என்று. அவள் பக்கத்தில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். சர்க்கரை போடாத டீ, அவருக்காக.

"விழுந்து எந்திரிச்சு வந்தாளே," என்றார் நாச்சிமுத்து. "அன்னிக்கு எத்தனை படிங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"கம்பியப் புடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. கண்ணுல தண்ணி. போதும் வாங்கம்மா, உக்காருங்கன்னு நாங் கூப்பிட்டேன். கேக்கல. ஏறினாங்க. எறங்கினாங்க. எதுக்குங்கம்மா இந்த ஒரு படின்னு கேட்டேன்."

சாமி நிறுத்தினார். யாரோ ஒருவர் டோக்கன் நீட்டினார். அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

"அவரு எறங்கி வந்ததும் ஏறினியான்னு கேப்பாரு, ஏறினேன்னு சொல்லோணும், அவருகிட்டப் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லன்னாங்க."

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

ஏறினியா என்றுதான் கேட்பார். தினமும் கேட்பார். ஏறினேன் என்பாள். எத்தனை என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அதுக்கப்பறமும் அப்படித்தானுங்க," என்றார் சாமி. "காய்ச்சல் வந்து போனா, முட்டி வீங்கி வடிஞ்சா, மறுபடி ஒண்ணுல இருந்து. எத்தனை தடவைன்னு எனக்கே ஞாபகமில்ல. டோக்கன் மட்டும் நாப்பத்தொண்ணுதான் கேப்பாங்க. நீங்க அவங்களக் கட்டிக்கிட்டு வந்த வருஷம் உங்க வீட்டுக் கதவு நம்பராமே."

நாச்சிமுத்து கையிலிருந்த தகரத்தை மூடிப் பிடித்தார். வாடகை வீடு. மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும். அதன் நம்பர் அவருக்கு மறந்தே போயிருந்தது.

"அந்த மெத்தையும் அவங்க தெச்சதுதான்," என்றார் சாமி.

எழுந்து பார்த்தார். நீலத்துணி, ஓரத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. மாவட்டப் போட்டிக்கு அவர் போட்டுக்கொண்டு போன ட்ராக் பேண்ட். ரொம்ப நாள் தேடி, எங்கடி வெச்சே என்று வீட்டையே இரண்டாக்கியிருக்கிறார். எட்டு நாளாக அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

அங்கேயே, ஆள் போகிற வழியில், நாச்சிமுத்து அழுதார். சாவு வீட்டில் அழாத அழுகை. சாமி தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. செருப்பு வாங்க வந்தவர்களைக் கையால் சற்று அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார்.

அழுது முடித்து முகத்தைத் துண்டால் துடைத்தார். மொபெட்டின் பெட்டியைத் திறந்தார். மகள் அனுப்பிய சாக்ஸ் ஒரு ஜோடி, உறை பிரிக்காமல், நாலு மாதமாக அதிலேயே கிடந்தது. பிரித்தார். ஸ்டூலின் ஓரத்தில் ஒண்டி உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். விரல் இல்லாத இடத்தில் துணி தொளதொளவென்று நின்றது. அதை மடித்துச் சரிசெய்ய நேரம் பிடித்தது.

முதல் படிக்கு முன்னால் நின்று கம்பியைப் பிடித்தார். வலது காலை வைத்தார். இடது காலை இழுத்துப் பக்கத்தில் வைத்தார்.

அவ்வளவுதான். மேலே அறுநூற்றுப் பதினொன்று இருந்தது. அவர் அங்கே பார்க்கவில்லை.

திரும்பிப் பார்த்தார்.

தகரக் கூரை. அலமாரி. நீல மெத்தை போட்ட ஸ்டூல்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

"அப்பா, நடந்தீங்களா?"

"இல்ல அம்மிணி."

ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து ஒரு நாளும் நடக்கல. அத்தனையும் பொய்யி. இன்னைக்குப் படி ஏறினேன்."

மகளின் மூச்சு கேட்டது. அழுகிறாளா, கோபமா என்று தெரியவில்லை.

"எத்தனைப்பா?"

நாச்சிமுத்து ஸ்டூலைப் பார்த்தபடியே சொன்னார்.

"ஒண்ணு."