முள்ளம்பன்றி வாங்கிய மலை சைக்கிள்

தேன்பாறை மலையின் அடிவாரத்தில் ஒரு மூங்கில் காடு. அங்கே அரளி என்ற முள்ளம்பன்றி தன் கணவன் கூரனோடும் இரண்டு குட்டிகளோடும் வாழ்ந்துவந்தது.

மலை உச்சியில் கரடி வைத்தியர் இருந்தார். அவருடைய மருந்துக்கான பச்சிலையோ அடிவாரத்து ஓடைக்கரையில்தான் முளைக்கும். ஒருநாள் அவர் காடெங்கும் சொல்லி அனுப்பினார்:

"தினமும் பச்சிலை கொண்டுவர இரண்டு பேர் வேண்டும். கூலி, ஆளுக்குத் தினம் ஒரு கூடைக் கிழங்கு! பனி உலர்வதற்குள் இலை வந்து சேர வேண்டும். முதல் நாளே தவறினால் மறுநாள் வரவேண்டாம்!"

பச்சிலை பறிக்க அரளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே பறித்துவிடும். ஆனால் உச்சிக்கு நடந்துபோனால் வெயில் ஏறிவிடும். இலை வாடிவிடும்.

"ஒரு மலை சைக்கிள் இருந்தால் இந்த வேலை நமக்குத்தான்!" என்றது அரளி.

கூரன் வளைக்குள் எட்டிப் பார்த்தது. மூன்று மூட்டை வள்ளிக்கிழங்கு. குடும்பத்தின் கையிருப்பு அவ்வளவுதான்.

"ஒரு மூட்டை மழைக்காலத்துக்கு. அதைத் தொடாதே," என்றது கூரன்.

"தொடமாட்டேன். இரண்டு மூட்டைக்குள் முடித்துக்கொண்டு வருகிறேன், பார்!"

காட்டுச் சந்தையில் மயில் ஒன்று சைக்கிள் கடை வைத்திருந்தது. அரளி போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வளைக் கீரி செவலை ஏற்கெனவே அங்கே நின்றது. அதுவும் பச்சிலை வேலைக்குத்தான் சைக்கிள் தேடி வந்திருந்தது. அதனிடமும் இரண்டு மூட்டைக் கிழங்குதான் இருந்தது.

"வாங்க, வாங்க!" என்று மயில் தோகையை விரித்தது. "இதோ பாருங்கள்! குலுங்காமல் போக முன்னால் ஒரு ஸ்பிரிங், பின்னால் ஒரு ஸ்பிரிங். இருபத்தொரு கியர். இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். இந்த நீல நிறம் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. விலை? வெறும் இரண்டே மூட்டை!"

சைக்கிள் தகதகவென்று மின்னியது. செவலைக்கு வாயில் நீர் ஊறியது.

அரளிக்கும் ஒரு நொடி மனசு துள்ளத்தான் செய்தது. இதை ஓட்டிக்கொண்டு போனால் குட்டிகள் எப்படிக் குதிக்கும்! ஆனாலும் அது சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தது. முன்காலால் தூக்கிப் பார்த்தது. பாறாங்கல் போல் கனத்தது.

"மயிலண்ணே, ஒரு கேள்வி. இவ்வளவு சாமானும் இரண்டு மூட்டைக்குள் அடங்கியிருக்கிறது என்றால், எதிலோ குறைத்திருக்க வேண்டுமே. எதில் குறைத்தார்கள்?"

மயிலின் தோகை சற்றே தாழ்ந்தது. "அதெல்லாம் ஒன்றும் குறையில்லை!"

"அப்படியானால் பின்னால் இருக்கிற மேட்டில் ஒரு தரம் ஏறிப் பார்க்கிறேன்."

"ஐயோ, வேண்டாம்! உன் முள் குத்திப் புது சீட்டு கிழிந்துவிடும்!"

"சீட்டின் மேல் சாக்கைப் போட்டுக்கொள்கிறேன். ஓட்டிப் பார்க்காமல் நான் வாங்குவதாயில்லை!"

செவலைக்குப் பொறுக்கவில்லை. அரளி முந்திக்கொள்ளுமோ என்று பயம். "நான் வாங்கிக்கொள்கிறேன்! இந்தாங்க இரண்டு மூட்டை!" என்று கிழங்கைக் கொட்டிவிட்டுச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டாவது வாங்குங்க அண்ணே," என்றது அரளி.

"பார்த்தாலே தெரிகிறதே! ஓட்டி வேறு பார்க்க வேண்டுமா?" செவலை மணியடித்துக்கொண்டே போய்விட்டது.

அரளி கடையின் மூலையை நோட்டம் விட்டது. அங்கே கறுப்பாக ஒரு சைக்கிள் தூசி படிந்து நின்றது. ஸ்பிரிங் எதுவும் இல்லை. ஏழே கியர். டயர் மட்டும் நல்ல அகலம்.

"அதுவா? அதை யாரும் கேட்பதில்லை. ஒன்றேகால் மூட்டை," என்றது மயில் அசிரத்தையாக.

அரளி சாக்கை விரித்து ஏறி உட்கார்ந்தது. கால் தரையில் நன்றாக ஊன்றியது. மேட்டில் மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் வண்டி முன்னால் போனது. மேலிருந்து இறங்கும்போது பிரேக்கை அழுத்தியது. சொன்ன இடத்தில் நின்றது!

"இதுதான் என் சைக்கிள்!" என்றது அரளி. "மிச்சமுள்ள முக்கால் மூட்டையில் அரை மூட்டைக்கு ஒரு ஹெல்மெட், ஒரு காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் கொடுங்கள். கால் மூட்டை வீட்டுக்குத் திரும்பட்டும்."

வீட்டில் குட்டிகளின் முகம் தொங்கிப்போயிற்று.

"இதுவா மலை சைக்கிள்? பக்கத்து வளைச் சைக்கிள் நீலமாய் மின்னுகிறதே! அதில் இரண்டு ஸ்பிரிங் இருக்கிறதே!" என்றது மூத்த குட்டி.

அரளிக்குச் சுருக்கென்றது. ஆனால் அதன் குரல் தளரவில்லை. "மின்னுகிறது, சரி. மலை ஏறுகிறதா என்று நாளைக்குப் பார்ப்போம்!"

மறுநாள் விடியலில் இரண்டும் பச்சிலைக் கட்டோடு கிளம்பின. சமவெளியில் செவலை முந்தியது. "அந்தக் கரிக்கட்டையை உருட்டிக்கொண்டு மெல்ல வா, தங்கச்சி!" என்று சிரித்தது.

மலைப்பாதை தொடங்கியது. முதல் வளைவிலேயே செவலைக்கு மூச்சு வாங்கியது. மிதிக்கிற மிதியை எல்லாம் பின் ஸ்பிரிங்கே விழுங்கிவிட்டது. வண்டி மேலும் கீழும் குதித்ததே தவிர முன்னால் போகவில்லை. அரளி ஒரே சீராக மிதித்து அதைக் கடந்து போனது.

இரண்டாம் வளைவில், புஸ்! அரளியின் முள்ளே ஒன்று உதிர்ந்து அதன் பின் டயரில் ஏறிவிட்டது. அரளி சட்டென்று இறங்கியது. இலைகளில் பனித்துளி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. நேரம் இருக்கிறது! சாமானை எடுத்தது. ஓட்டையைக் கண்டுபிடித்தது, ஒட்டியது, காற்றடித்தது.

அதற்குள் செவலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே முந்திப் போய்விட்டது.

மூன்றாம் வளைவில் அரளி பார்த்தபோது, செவலை பாதையோரம் உட்கார்ந்திருந்தது. பின் ஸ்பிரிங்கின் திருகு கழன்று புதருக்குள் விழுந்திருந்தது. செயின் தொங்கியது. தள்ளக்கூட முடியவில்லை.

"என் கதை முடிந்தது, தங்கச்சி," என்றது செவலை. "இரண்டு மூட்டையும் போயிற்று. வேலையும் போயிற்று. வீட்டில் என்ன சொல்வேன்?"

அரளி மேலே பார்த்தது. வெயில் பாறையில் பட ஆரம்பித்துவிட்டது. நின்றால் தன் வேலைக்கும் ஆபத்து. ஆனால் ஒரு கட்டு இலை என்ன பெரிய பாரம்?

"அந்த இலைக் கட்டை என் வண்டியில் வையுங்க அண்ணே! சீக்கிரம்!"

இரட்டைச் சுமையோடு அரளி மிதித்தது. தொடை எரிந்தது. கியரைக் குறைத்துக் குறைத்து மிதித்தது. கரடி வைத்தியர் வாசலில் இறங்கியபோது கடைசிப் பனித்துளி ஒன்று இலை நுனியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாடவில்லை!" என்றார் வைத்தியர், முகர்ந்து பார்த்துவிட்டு. "ஒரு கட்டு உன்னுடையது. இன்னொன்று?"

"செவலை அண்ணனுடையது. வண்டி பழுதாகி வழியில் நிற்கிறார்."

"நல்ல இலை. நாளைக்கும் இரண்டு பேரும் வாருங்கள்!"

இரண்டு கூடைக் கிழங்கோடு அரளி இறங்கி வந்தது. தன் கூடையைக் கண்டதும் செவலையின் கண் கலங்கியது. "உன்னைக் கேலி செய்தேனே! அந்தக் கறுப்பு வண்டியில் நீ எதைத்தான் பார்த்தாய்?"

"நான் முதலில் வண்டியைப் பார்க்கவில்லை அண்ணே. ஏற வேண்டிய மலையைப் பார்த்தேன். பிறகு வீட்டுக் கிழங்கைப் பார்த்தேன். கடைசியாகத்தான் வண்டியைப் பார்த்தேன்!"

அரளி சொன்னபடி செவலை பின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மரக்கட்டையை இறுகக் கட்டிக்கொண்டது. வண்டி எப்படியோ மலை ஏறியது. ஆனால் இன்று பிரேக், நாளை கியர் என்று செவலையின் கூலியில் பாதி மயிலின் கடைக்கே போனது. அரளி வீட்டிலோ மழைக்காலம் வரும்போது ஐந்து மூட்டைக் கிழங்கு அடுக்கியிருந்தது. குட்டிகள் அந்தக் கறுப்புச் சைக்கிளைத் தினமும் துடைத்து வைத்தன.

போகும் வழியையும் கையிருப்பையும் அறிந்து வாங்கினால் பொருள் நமக்காக உழைக்கும். மினுக்கைப் பார்த்து வாங்கினால் நாம்தான் பொருளுக்காக உழைக்க வேண்டியிருக்கும்.